ரிப்பேருக்குப் போன கிடார்

மெத்தை உறை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்ததால் அவளுக்கு மெத்தை என்றே பேர் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கிடார் வாசிப்பாள். அக்காவின் கணவர் டிரம்பெட் ஊதுவார். அவருடைய கூட்டாளி பெயிண்டர் டிரம் அடிப்பார். பூட்டிக் கிடந்த ஒரு சரக்குக் கொட்டகையின் வாசல்தான் மேடை. மைக் கிடையாது, கரண்ட் கிடையாது.

அவளுடைய கிடார் சின்னது, நைலான் நரம்பு போட்டது. அறையில் தனியாக வாசித்தால் இனிக்கும். அத்தான் டிரம்பெட்டை வாயில் வைத்ததும் காணாமல் போய்விடும்.

"வாசிக்கிறியா, இல்ல முதுகு சொறியறியா?" என்பார் பெயிண்டர். "கை மட்டும்தான் ஆடுது."

சிரித்து வைப்பாள். ஆனால் இரண்டு பேரோடு மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வாசித்துவிட்டு, வாசிக்காதவள் போல வீடு திரும்புவது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

கடை கடையாக ஏறி இறங்கினாள். கைக்கு எட்டிய விலையில் இருந்ததெல்லாம் பளபளக்கும் பிளைவுட். தட்டினால் அட்டைப் பெட்டிச் சத்தம். நல்ல மரத்தில் செய்த, வயிறு அகன்ற, எஃகுக் கம்பி போட்டவை கணீரென்று முழங்கின. விலையைக் கேட்டதும் பத்திரமாகத் திரும்ப மாட்டி வைத்தாள்.

கடைசியில் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய கிடார், பெரியது, பாதி விலைக்கும் கீழே.

கதவைத் திறந்த பெண் இடுப்பு வலிக்கான பெல்ட் கட்டியிருந்தாள். நாற்காலிகளின் மேலெல்லாம் துவைத்த படுக்கை விரிப்புகள் காய்ந்தன. வலித்தைலமும் டெட்டாலும் கலந்த வாசனை.

"மெதுவாப் பேசும்மா. எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரு" என்றாள். "வாதம் வந்து இடது பக்கம் மொத்தமும் போச்சு. இது விக்கிறது அவருக்குத் தெரியாது. கேட்டா ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிடு."

மெத்தை கிடாரை மடியில் வைத்து ஒரே ஒரு தடவை கம்பிகளை வருடினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இதுதான், இதேதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"யாரு?" உள்ளிருந்து குழறலாக ஒரு குரல்.

பெல்ட் கட்டிய பெண் அவளைப் பார்த்தாள். மெத்தை அறை வாசல் வரை போனாள். கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவர் கிடாரைத்தான் பார்த்தார், அவளை அல்ல.

"ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறேண்ணா. கம்பி மாட்டுற பிரிட்ஜ் லேசா தூக்கியிருக்கு."

"நல்லாத்தானே... இருந்துச்சு" என்றார் அவர்.

அவள் வாசலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு முடிந்ததும் பெயிண்டர் குச்சிகளைக் கீழே வைத்தார். "இவ்ளோ நாளா இந்தப் பொண்ண எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று அத்தானிடம் கேட்டார். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். சந்தோஷத்தில் அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சில வாரம் கழித்து, கிடாரை விற்ற பெண் போன் செய்தாள்.

"தினமும் ரெடியாச்சா ரெடியாச்சான்னு உசிர எடுக்கறாரும்மா. ஒரு நடை வந்து உடைஞ்சு போச்சுன்னு சொல்லிடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் மெத்தை கிளம்பினாள். ஆனால் கட்டிலருகே நின்றபோது, கதவோரம் நின்றவளின் முகம் கெஞ்சியது.

"உடைஞ்சிடுச்சுண்ணா."

"எங்க?"

அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "கழுத்துல" என்றாள்.

அவர் ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்: "கழுத்துன்னா... ஒட்டிடலாம். கொண்டா. நானே ஒட்டறேன்."

"ஒட்டி?" மனைவி வெடித்தாள். "ஒட்டி என்ன பண்ணப் போறீங்க? எந்தக் கையால வாசிக்கப் போறீங்க?"

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த பேச்சு அது. சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வித்துட்ட" என்றார் அவர். கோபமில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானே குடுத்திருப்பேன்."

"திருப்பிக் கொண்டாந்துடறேண்ணா. நாளைக்கே" என்றாள் மெத்தை.

அவர் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "நீயும்தான் பொய் சொன்ன. வேணாம். போ." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைவாயில் வழிந்ததைத் துடைக்க மனைவி குனிந்தபோது, நல்ல கையால் அவளைத் தள்ளிவிட்டார்.

மெத்தை மறுநாள் கிடாரோடு போனாள். மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே கட்டில் நகரும் சத்தமும், அந்தப் பெண் மூச்சு வாங்குவதும் தெளிவாகக் கேட்டன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை; இவளும் பேசவில்லை.

இன்றும் அந்தக் கிடாரைத்தான் வாசிக்கிறாள். அதை விட்டால் அவளுக்கு வேறு வாங்க வழியில்லை. எல்லோருக்கும் நன்றாகக் கேட்கிறது.