சுடாத கல்

மொல்லா புதைகுழி மேட்டில் கிடந்த செங்கற்களில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். கணீரென்றது. இரண்டையும் மெல்லக் கீழே வைத்தார்.

"சூளையில வெந்த கல்லுப்பா இது. தீ பட்டத கபுருக்குள்ள வைக்கிறதில்ல. சுடாத பச்சைக் கல்லுதான் வேணும்."

மெதெர் தலையைத் தொங்கப் போட்டான். அண்ணன் ஊசெனின் சாவில் அவனுக்கென்று கொடுத்த வேலை இந்த ஒன்றுதான். சாவுச் சாப்பாட்டுக்குக் குதிரை அறுப்பதையும், முற்றத்தில் கூடாரம் கட்டுவதையும், வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றுவதையும் அண்ணி சாய்ரா மற்ற சொந்தங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். அண்ணன் முகத்திலேயே ஒரு வருஷமாக விழிக்காதவனுக்கு வேறு என்ன கொடுப்பாள்? அந்த ஒன்றையும் அவன் கோட்டை விட்டிருந்தான். பிஷ்கெக்கில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவன். கடைக்காரனிடம் நல்ல கல்லாகக் கொடு என்றிருக்கிறான். அவனும் நல்ல கல்லாகவே கொடுத்துவிட்டான்.

ஆழக் குழிக்குள் பக்கவாட்டில் அறை குடைந்து வைத்திருந்தார்கள். உடலை அதில் கிடத்தி, வாசலைப் பச்சைக் கல்லால் அடைத்த பிறகே மண் தள்ள முடியும். மார்கழிக் குளிரில் மண்ணைப் பிசைந்து கல் அறுத்தால் எப்போது காயும்? ஊரிலிருந்த மண் வீடுகள் எல்லாம் போய்க் கட்டடங்களாகிவிட்டன. பகல் தொழுகை முடிந்ததும் அண்ணனின் ஜனாஸா வந்துவிடும். குழி வெட்டிய ஆண்கள் மண்வெட்டிகளைத் தரையில் போட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஊசென் வேலை பார்த்த யார்டின் ஆட்கள் ஒதுங்கி நின்ற பக்கத்திலிருந்து தோல்யா வந்தான். ஊசெனோடு பல வருஷம் லோடர் ஓட்டிய ரஷ்யன்.

"எங்க யார்டுல இருக்கு, வா" என்றான்.

மெதெர் லாரியில் ஏறிக்கொண்டான். அந்த யார்டின் பெயரைக் கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும். இடிந்த கட்டடங்களையும் தொழிற்சாலைக் கழிவையும் அரைத்துச் சல்லியாக்கி விற்கும் கம்பெனி. போன வருஷம் புதுக் குடியிருப்புக்காக அண்ணனும் தம்பியும் வளர்ந்த தெருவையே எடுத்தபோது, அப்பா கட்டிய வீட்டை இடிக்கும் வேலையும் அந்தக் கம்பெனிக்கே போனது. நானே இடிக்கிறேன் என்று ஊசென் கேட்டு வாங்கிக்கொண்டான். அதைத்தான் மெதெரால் தாங்க முடியவில்லை. அப்பா வீட்டை அரைத்து ரோட்டில் போட்டவன் எனக்கு அண்ணனே இல்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டு வந்தவன், அதன்பின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊசென் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவுமில்லை. முந்தாநாள் யார்டில் சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே சரிந்தான் என்றுதான் சேதி வந்தது.

உள்ளே காங்கிரீட் ஒரு மலை, தார் ஒரு மலை, வார்ப்படச் சாலையின் கசடு ஒரு மலை. மெஷின் இன்று ஓடவில்லை. பெரிய காந்தத்தில் பிடுங்கிய கம்பிகள் அப்படியே தொங்கின. தோல்யா கடைசி மதிலோரம் போய்த் தார்ப்பாயை விலக்கினான்.

பச்சைக் கற்கள். இரண்டு அடுக்குகள், நடுவே ஒரு ஆள் போகிற இடைவெளி. ஒவ்வொரு கல்லிலும் ஒரு முகத்தில் நீலச் சுண்ணாம்பு. அப்பா வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கம்பளியில் படுத்த அறையின் நீலம்.

மெதெர் கல்லில் கை வைத்தான். "அரைச்சுட்டான்னு நினைச்சேன்."

"மண்கல்ல மெஷின்ல போட முடியாது. பல்லுல அப்பிக்கும். பள்ளம் ரொப்பத்தான் போகும்." தோல்யா மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவன் ஷிப்ட் முடிஞ்சு கடப்பாரையோட உங்க வீட்டுக்குப் போவான். ஒவ்வொரு கல்லா பேத்து எடுத்தான். மத்தவன் மெஷின விட்டா எல்லாம் தூளாயிடும்னுதான் அந்த வேலைய கேட்டு வாங்கினான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ போன எடுத்தியா?"

மெதெர் குனிந்தான். இரண்டு கல்லைத் தூக்கி லாரியில் வைத்தான். மறுபடி வந்து அடுத்த அடுக்கில் கை வைத்தபோது தோல்யா தடுத்தான்.

"ஒரு கபுருக்கு இந்த அடுக்கு போதும். அத விடு."

"அது யாருக்கு?"

"உனக்குத்தான்." தோல்யா சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "தம்பி பேசமாட்டான், பேசாட்டி போகட்டும், சாகாம இருந்துடுவானா, அன்னைக்கு அவன் பிள்ளைங்க கடைக்குப் போய் கண்ட கல்லையும் வாங்கிட்டு வந்து நிப்பாங்கன்னு சொல்லிச் சொல்லி சிரிப்பான்."

மெதெர் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதான். காலையிலிருந்து கூடாரத்தின் வெளியே கோலூன்றி நின்று, வந்தவர்கள் காதில் விழ முறைப்படி அழுதிருந்தான். இது வேறு அழுகை. தோல்யா அவனைத் தொடவில்லை. மீதிக் கற்களை அவனே ஏற்றினான்.

ஜனாஸா வந்து சேர்ந்தபோது கற்கள் குழிமேட்டில் இருந்தன. மெதெர்தான் குழிக்குள் இறங்கினான். அண்ணனை வாங்கி அறையில் கிடத்தி, முகத்தை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பினான். மேலிருந்து ஒவ்வொரு கல்லாக வந்தது. நீல முகம் உள்ளே பார்க்கும்படி வைத்து அடைத்தான். எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான், சீக்கிரம் ஆகட்டும் என்றார் மொல்லா. மெதெர் ஒரு கல்லைக்கூடத் திருப்பி வைக்கவில்லை. மேலே ஏறியதும் தரையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து மண்ணைத் தள்ளினான். கை ஓய்ந்ததும், அடுத்தவன் கையில் கொடுக்காமல், வழக்கப்படி தரையிலேயே வைத்தான்.

கறிச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்தபோது பனி விழ ஆரம்பித்திருந்தது. அண்ணி அவன் பிள்ளைகளுக்கென்று கறி பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கல் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மெதெர் வீட்டுக்குப் போகும் வழியில் யார்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். காவலாளி கதவைத் திறந்துவிட்டான். மதிலோரத்தில் தார்ப்பாய் விலக்கியது விலக்கியபடியே கிடந்தது. மிச்சமிருந்த அடுக்கின் மேல் வரிசை நனையத் தொடங்கியிருந்தது. அவன் கோட்டுக் கையால் பனியைத் துடைத்துவிட்டு, தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களில் காங்கிரீட் துண்டுகளை உருட்டிவந்து வைத்தான்.