சீர்ப் போசியில் காய்ச்சிய பால்

பாலில் கதிரியக்க எண்ணிக்கை ஏறியதைப் பார்த்ததும், தான்தான் எங்கோ சொதப்பிவிட்டோம் என்று தரணி நினைத்தாள்.

கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கு ஆராய்ச்சி. உலோகமும் அதைச் சுற்றியுள்ள கரைசலும் அணுக்களை மாற்றிக்கொள்வதைப் பற்றியது. தாமிரத் தகட்டைத் தாமிர உப்புக் கரைசலில் போட்டால் தகட்டின் எடை மாறாது, கரைசலும் மாறாது, இரண்டும் சும்மா கிடப்பதாகத்தான் தெரியும். எங்கே சும்மா கிடக்கிறது? தகட்டிலிருந்து ஓர் அணு இறங்கிப் போகும், கரைசலிலிருந்து இன்னொன்று வந்து அந்த இடத்தில் உட்காரும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் போக்குவரத்தைப் பிடிக்கத்தான் துளி கதிரியக்கத் தாமிரத்தைக் கலப்பார்கள். அது எங்கே போய் ஒளிந்தாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். மும்பையிலிருந்து விமானத்தில் வரும் அந்தச் சரக்குக்கு ஆயுசு கம்மி, அரை நாளில் பாதி தீர்ந்துவிடும். வந்த கையோடு சோறு தண்ணி மறந்து வேலையை முடிக்க வேண்டும்.

இந்தத் தடவை பித்தளைத் துண்டுகளில் அந்தத் தாமிரத்தை ஏற்றி, தண்ணீரிலும் மோரிலும் சூடான பாலிலும் போட்டிருந்தாள். மோரில் ஏறும் என்பது தெரிந்ததுதான். பித்தளையில் மோர் ஊற்றினால் களிம்பேறிக் கசக்கும், அதற்கு ஆராய்ச்சி எதற்கு? பாலைச் சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வைத்தாள். தண்ணீரில் ஏதோ பெயருக்கு இருந்தது. பாலில் ஏறிக்கொண்டே போனது. நிறம் மாறவில்லை, வாசம் மாறவில்லை, பால் தாமிரத்தைக் கமுக்கமாகப் பிடித்து வைத்துக்கொண்டது. வெள்ளீயம் பூசிய துண்டு கிடந்த பாலில் மட்டும் ஒன்றுமில்லை. வேறு துண்டு, வேறு பால் என்று மறுபடியும் செய்து பார்த்தாள். அதேதான் வந்தது.

பெருமாநல்லூரில் அக்காள் அனுப்பிரியாவின் அடுப்பில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் பித்தளைப் போசி தரணிக்கு நினைவுக்கு வந்தது. பச்சைப்பிள்ளைக்குள் தினமும் தாமிரம் இறங்கினால் கல்லீரலில்தான் போய்த் தங்கும்.

அக்காளின் மூத்த பெண் சஷ்மிதா, நடை பழகிய கையோடு வயிறு வீங்கி, கண் மஞ்சளித்துச் செத்துப்போனாள். கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள், ஏனென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பட்டறைகள் திறந்துவிடுகிற சாயத்தண்ணிதான் என்றது ஊர். இந்தப் பக்கம் சளி பிடித்தாலும் சாயத்தண்ணிதான், கிணறுகள் கிடக்கிற கிடையில் அப்படிச் சொல்பவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அக்காள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறென்ன இருந்தது?

போசி சஷ்மிதாவுக்குத் தாய்மாமன் சீராக வந்தது. சீர் வந்த பாத்திரத்தில்தான் பிள்ளைக்குப் பால் காய்ச்சுவது. உள்ளே வெள்ளீயம் பூசித்தான் வந்தது. வெளியே தங்கமாக மின்ன, உள்ளே மங்கிக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அக்காள் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பூச்சைக் கழற்றிவிட்டாள். பிள்ளை போன பிறகு, சாய அழுக்கு ஒட்டியிருக்கும் என்று தேய்ப்பு இன்னும் கூடியது. இப்போது இரண்டாவது, நித்தீஷ், தவழ்கிறான். அவனுக்கும் அதே போசி. அவனையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் போட்டு அந்தத் தேய் தேய்க்கிறாள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

தரணி பஸ் ஏறினாள். வழி நெடுகச் சொல்ல வேண்டியதைக் கோத்துக்கொண்டே போனவளுக்கு, வாசலில் அக்காளைக் கண்டதும் எல்லாம் அவிழ்ந்து விழுந்தது. பெற்றவளிடம் போய், உன் கையால்தான் என்று எந்த வாயால் சொல்வது? வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னாள். சாயத்தண்ணியில் இருக்கிற விஷத்தைப் பித்தளை இழுத்து வைத்துக்கொள்கிறது, லேபில் பார்த்தோம், இனிமேல் பிள்ளைக்கு எவர்சில்வர்தான் என்றாள். அக்காள் நெற்றியில் அறைந்துகொண்டாள். சாயப்பட்டறைக்காரர்களின் குலத்தையே இழுத்துச் சபித்தாள். மறுபேச்சில்லாமல் போசியை அடுப்பிலிருந்து இறக்கினாள். நித்தீஷுக்கு ரத்தம் சோதித்துப் பார்க்கும்படி அக்காள் புருஷன் மாமாவிடமும் சொல்லிவிட்டு, பிள்ளையும் பிழைத்தான், அக்காளும் பிழைத்தாள், ஒரு பொய்தானே என்று தரணி ஊர் திரும்பினாள்.

ஆடி நோம்பிக்கு மறுபடி வந்தாள். நித்தீஷுக்குக் கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கே உயிர் வந்தது போலிருந்தது. அலமாரியில் போசியைத்தான் காணோம். எங்கே என்று கேட்டாள்.

"அதய ராமுத்தாய்க்குக் குடுத்துட்டேன் கண்ணு" என்றாள் அக்காள்.

ராமுத்தாய் மாமாவின் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, பின்னால் இருக்கும் லைன் வீட்டில் குடியிருந்தாள். கைக்குழந்தைக்காரி.

"அவ ஊட்டுல கேன் தண்ணிதான், சாயத்தண்ணியே இல்ல. அப்பறம் போசி என்ன பண்ணும்? ஒரு கொழந்த குடிச்சு நல்லா இருக்கட்டும்னுதான் குடுத்தேன்."

அவள் கணக்கில் தப்பே இல்லை. தரணி சொன்னதை அப்படியே நம்பியவள் வேறு எப்படிச் செய்வாள்? இனி மூடி மறைக்க வழியில்லை.

"தண்ணியால இல்லீங்க்கா, போசியாலதான். பாலக் காச்சுனா அதுலருந்தே தாமிரம் எறங்குது. உள்ள பூச்சு இருந்தா எறங்காது. அது தேஞ்சு போச்சு."

தேய்த்துவிட்டாய் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அக்காளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சஷ்மிக்கும் அதுதானா?"

உறுதியாகத் தெரியாது, அப்போது யாரும் அதைச் சோதிக்கவில்லை என்றாள் தரணி. அது சத்தியமான பேச்சுதான். அக்காள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நானே போய் ஏதாவது சொல்லிப் போசியை வாங்கி வருகிறேன் என்று தரணி செருப்பைத் தேடினாள்.

"நீ சொன்னவரைக்கும் போதும்" என்றாள் அக்காள்.

நித்தீஷைத் தரணியின் இடுப்பில் ஏற்றிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். லைன் வீட்டில் போசி அடுப்பில்தான் இருந்தது. பால் பொங்கி வருகிற சமயம். ராமுத்தாய்க்கு வாயெல்லாம் பல். வாங்கக்கா, உங்க கைராசி, பாப்பா ஒரு சொட்டு விடாமக் குடிக்கிறா என்றாள். அக்காள் அடுப்பை அணைத்தாள். துணி கூட எடுக்காமல் வெறுங்கையால் போசியைத் தூக்கி, பாலை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள்.

"இதுல காச்சிக் குடுத்துத்தான் எம்புள்ளயக் கொன்னேன், ராமுத்தாயி."

ராமுத்தாய் போசியைப் பார்த்தாள், அக்காளைப் பார்த்தாள். பாயில் கிடந்த குழந்தையை வாரி மார்போடு இறுக்கிக்கொண்டு, அக்காளின் கைக்கு எட்டாதபடி சுவரோரம் போய் நின்றாள்.