நாற்பத்தொன்றாம் கேள்வி

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்பாவின் தோள் சுவரில் இடித்தது. "பாத்து, பாத்து" என்றான் அண்ணன், இடித்தது வேறு யாரோ என்பதுபோல. போர்வையின் தலைமாட்டு முனைகள் இரண்டும் அவன் கையில் இருந்தன. கால்மாட்டில் ஒரு முனையை ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் இன்னொரு முனையைத் தங்கையான அவளும் பிடித்திருந்தார்கள்.

அப்பா இறந்து நாலு மணி நேரமாவது ஆகியிருக்கும். காலையில் அம்மா எழுப்பப் போனபோதே உடம்பு சில்லிட்டு, தாடை இறுகி, விரல்கள் விறைத்திருந்தன. யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. அண்ணனுக்கும் இல்லை. இருந்தும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இறந்துவிட்டார் என்று ஒரு பேப்பர் கொடுப்பார்கள், அதை வைத்து மற்றதெல்லாம் மளமளவென்று முடித்துவிடலாம் என்பது அவன் போட்ட திட்டம். அண்ணன் வீட்டுமனைத் தரகன். எதற்கும் அவனிடம் ஒரு திட்டமும், எங்கேயும் அவனுக்கு ஓர் ஆளும் உண்டு. திட்டம் கவிழும் நாளில் அந்த ஆள் மட்டும் ஊரில் இருக்க மாட்டார்.

கிளம்பும்போது முன்னறையில் குறுக்கே கிடந்த அப்பாவின் குட்டை நாற்காலியைக் காலால் எட்டி உதைத்து ஓரம் தள்ளியதும் அவன்தான். அது யாருக்கும் உறுத்தவில்லை. பத்து வருஷமாக அந்த நாற்காலிக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதை அதுதான்.

திருப்பத்தில் அவளுக்குச் சட்டென்று ஒரு வரி ஞாபகம் வந்தது. எங்கே படித்தோம் என்று யோசித்தாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியில்.

"நில்லுங்க" என்றாள். "மேல தூக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது."

"யார் சொன்னது?"

"ஜன்னல்."

செத்துப்போன அப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் சிரித்தான்.

ஜன்னல் என்பது அப்பாதான். நகர அலுவலகத்தில், விசாரணை என்று எழுதிய மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். குடிநீர் இணைப்பைப் பெயர் மாற்ற எந்தப் படிவம், கடைக்கு முன்னால் பலகை மாட்ட எத்தனை அடி விடணும், பக்கத்து வீட்டு மரம் நம் சுவரில் சாய்ந்தால் யார் வெட்டணும், அடைத்த சாக்கடைக்கு எந்தக் கவுண்டர், குப்பை வண்டி எங்கள் சந்துக்குள் ஏன் வருவதில்லை. ஒரே கேள்வியை ஒரு நாளில் முப்பது பேர் கேட்டாலும் முப்பதாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே ஆசையோடு சொல்வார். அதோடு விட்டால் பரவாயில்லை. "ஏன்னு கேட்டா" என்று ஆரம்பித்து, அந்த விதி எப்படி வந்தது, அது இல்லாவிட்டால் என்ன குழப்பம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டிலும் இதே கதைதான். தண்ணீர் ஏன் வரவில்லை என்று அலுத்துக்கொண்டால், மேல்நிலைத் தொட்டி, வால்வு, திறந்துவிடுகிறவரின் வேலை நேரம் என்று வரிசையாக வரும். முதல் "ஏன்னு கேட்டா"விலேயே அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். குழந்தைகள் அவளிடமிருந்து கற்றுக்கொண்டார்கள்.

ஓய்வு பெறும் வருஷம் மேலதிகாரிகள் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் எழுதித் தரச் சொன்னார்கள். அறுபத்திரண்டு கேள்விகள். ஆணையரின் சிரித்த முகத்தை மேலே போட்டு அச்சடித்தார்கள். எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. பிறகு, எல்லாம்தான் இதிலேயே இருக்கிறதே என்று ஜன்னலை மூடிவிட்டார்கள். மிச்சமான பிரதிகளில் ஒரு கட்டு அப்பா வீட்டுக்குத் தூக்கி வந்தார். நல்ல தடித்த தாள், எண்ணெய் ஊறாது. அம்மா சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் விழுந்தது மூன்றாம் பக்கம். வட்டமான டப்பா தடத்துக்கு நடுவில் நாற்பத்தொன்றாம் கேள்வி: வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

"அடுத்த கவுண்டருக்கு வழி சொல்லியே ஆயுசைக் கழிச்சவரு. அவர் எழுதினதை வெச்சு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றான் அண்ணன். "ஆஸ்பத்திரில எனக்கு ஆள் இருக்கு. எறங்கு."

அவள் இறங்கவில்லை. ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணே. இப்படிக் கொண்டுபோனா என்ன ஆகும்?"

ஓட்டுநர் போர்வை முனையைக் கை மாற்றிக்கொண்டார். "போலீஸ் கேஸ்தாம்மா. வரும்போதே உயிர் இல்லைன்னு எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பிருவாங்க. இன்னைக்கு சனி. அறுத்துப் பாக்குற டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாரு."

"இதை மேலயே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கலையே."

இந்த ஊரில் அரசாங்கமும் அதைச் சுற்றிப் பிழைப்பவர்களும் இந்த ஒரு வார்த்தையில்தான் ஓடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டால் தெரியும். கேட்காதவன் கிடந்து சாகட்டும்.

மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள். காலையிலிருந்து அழவும் இல்லை, பேசவும் இல்லை. இப்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "அவரை அறுக்க விடாதீங்க."

அப்பா மறுபடி பதினெட்டுப் படி மேலே போனார்.

சமையலறையில் அவள் சர்க்கரை டப்பாவை நகர்த்தி, முதல் தடவையாக அந்தப் பதிலை முழுதாகப் படித்தாள். உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அங்குள்ள மருத்துவர் இவரை அறியாதவர் என்பதால் இறப்பின் காரணத்தை எழுத முடியாது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை வீட்டுக்கு வரவழைத்துச் சான்று பெறுங்கள். அந்தச் சான்று இருந்தால் நகர அலுவலகத்தில் அடக்க அனுமதிச் சீட்டு தருவார்கள், சீட்டைப் பார்த்தால் மயானத்தில் வேறெதுவும் கேட்க மாட்டார்கள். சங்கிலிபோல ஒன்றிலிருந்து ஒன்று, இவ்வளவு எளிமையாக. அதன் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி: சான்று தரும் மருத்துவர் இறந்தவரைக் கடைசிப் பதினான்கு நாட்களுக்குள் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

தோளுக்குப் பின்னால் நின்று படித்த அண்ணனுக்குத் திருப்தி. "அவ்வளவுதான். நல்லா குண்டுக்கல்லாட்டம் இருந்த மனுஷன், எந்த டாக்டர் பாத்தான்? ஓட்டுநரை இருக்கச் சொல்றேன்."

"செவ்வாக்கிழமை போனாரே" என்றாள் அம்மா வாசற்படியிலிருந்து.

ஆமாம், அந்தச் செவ்வாய்க்கிழமை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கிளினிக்குக்குப் போய்விடுவார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் அதற்கு டாக்டர் பைத்தியம் என்று பெயர் வைத்திருந்தான். அவளும் ஒருநாள், "அந்த டாக்டரம்மாவுக்கும் பொழுது போகணுமில்ல" என்று அவர் காதுபடவே சொன்னாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஒன்பது மணிக்கு டாக்டரம்மா அப்பாவின் பழைய கிளினிக் அட்டையோடு வந்தார். நாடி பார்த்தார், கண்ணில் விளக்கு அடித்தார், விரலை மடக்கப் பார்த்தார். ஒப்புக்குச் செய்யாமல் எல்லாவற்றையும் செய்தார். பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

"ரெண்டு வருஷமா இதயம் ரொம்ப பலவீனம். தூக்கத்திலயே போகலாம்னு நான் சொல்லியிருந்தேன். வீட்ல சொல்லலையா?"

"நாங்க கேக்கலை" என்றாள் அவள்.

"மாசம் ஒரு தடவை வந்தா போதும்னேன். ஒத்துக்கவே மாட்டார். பதினாலு நாள் தாண்டக் கூடாதும்பார்." கடைசியாகப் பார்த்த நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். பிறகு செவ்வாய்க்கிழமைத் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நகர அலுவலகம் சனிக்கிழமை பன்னிரண்டு மணிவரைதான். நான் போகிறேன், அங்கே எனக்கு ஆள் இருக்கு என்றான் அண்ணன். போனில் பிடித்தபோது ஆள் ஊரில் இல்லை. அவளே கிளம்பினாள்.

ஆறு வருஷமாக அவள் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. சலவைக் கடை திறக்க உரிமம் கேட்டுப் போனதுதான் கடைசி. ஓய்வுக்குப் பிறகும் அப்பாவுக்கு அங்கே எல்லாரையும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே நாளில் கிடைத்திருக்கும். சொல்ல மாட்டேன் என்றார். கழிவுநீர் எங்கே போகும் என்று வரைபடம் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, ஏன்னு கேட்டா, சோப்புத் தண்ணி மழைநீர்க் கால்வாய்ல கலந்தா என்று ஆரம்பித்தார். அவள் கதவை அறைந்துவிட்டுப் போனாள். வரைபடம் போட்டு, வரிசையில் நின்று, ஏழு வாரத்தில் உரிமம் வாங்கினாள். அதற்கப்புறம் அவரிடம் பேசியதெல்லாம் சாப்பிட்டாச்சா, சாவி எங்கே, அவ்வளவுதான். அந்தக் கடைக்கு இன்றுவரை எந்த அதிகாரியும் வந்து வாலாட்ட முடிந்ததில்லை. அதை அவள் தன் சாமர்த்தியம் என்றே வைத்திருந்தாள்.

மூன்றாம் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். பக்கத்தில் டோக்கன் தரும் எந்திரம், அதன்மேல் பழுது என்று ஒரு சீட்டு. சீட்டே பழுத்துப் போயிருந்தது. பலகைக்குக் கீழ் விளிம்பில் பழைய அரைவட்டத் துளை இன்னும் தெரிந்தது, அவள் இடுப்பு உயரத்தில். கேட்க வந்தவன் குனிந்தே ஆகவேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ அளந்து வெட்டியது. குனிந்தால் உள்ளே இருப்பவரின் சட்டைப் பொத்தான்தான் தெரியும். அதனால்தான் அப்பா தன் நாற்காலியின் நாலு காலையும் ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினார். குனிகிறவருக்கு நேராக ஒரு முகம் இருக்குமாம். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக மெமோ கொடுத்தார்கள், கடைசி நாளில் அந்த நாற்காலியை அவர் தலையிலேயே கட்டினார்கள்.

கவுண்டரில் இருந்தவர் அவளைப் பார்க்காமலே கை நீட்டினார். "சான்று. செத்தவர் அடையாள அட்டை. உங்களோடது. நகல் ஒண்ணொண்ணு."

அவள் இரண்டிரண்டாக வைத்தாள். ஒன்று அவர்கள் கேட்பதற்கு, மற்றது அவர்கள் தொலைப்பதற்கு. அச்சடித்த தாளில் அது இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அப்பா சொன்னது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். குறை தேடிப் பழகிய விரல்கள் எங்கும் நிற்க இடமில்லாமல் கடைசித் தாளுக்கு வந்துவிட்டன. அவருக்கு அது ஏமாற்றமாகவே இருந்திருக்கும். "எல்லாம் சரியா இருக்கே. யார் சொல்லிக் குடுத்தா? ஏஜெண்டா?"

"விசாரணை ஜன்னல்ல."

"அதை மூடிப் பத்து வருஷம் ஆச்சும்மா." முத்திரையைக் குத்தினார். "மயானத்துல சாயந்தரம் நாலு மணி. அடுத்து."

அவள் வீடு திரும்பியபோது அறை முழுக்க ஆட்கள். அண்ணன் வாசலில் நின்று, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி என்று அலையவிடாமல் எல்லாவற்றையும் தானே முன்னின்று முடித்துவிட்டதாகவும், எல்லா இடத்திலும் ஆள் இருந்ததால் தப்பித்தோம் என்றும் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். எல்லா நாற்காலிகளிலும் உறவினர்கள் உட்கார்ந்து, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று ஆளுக்கொரு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்தது ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த குட்டை நாற்காலி மட்டும்தான்.

"அது வேணாம், முட்டி வலிக்கும்" என்றாள் அண்ணி. "இரு, யாரையாவது எழுப்பறேன்."

அவள் அதை நிமிர்த்திக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. அப்பாவின் முகம் நேர் எதிரே இருந்தது. குனிய வேண்டியிருக்கவில்லை.

கட்டிலின் மறுபக்கத்திலிருந்து அம்மா கேட்டாள். "கெடச்சுதா?"

"ம். நாலு மணிக்கு."

"அவ்வளவு நேரமா?"

"மயானத்துல ரெண்டரைக்கு வேற ஒருத்தர் இருக்காங்க" என்றாள். சீட்டை மடியில் வைத்து நீவினாள். பிறகு, "நடுவுல ஒன்றரை மணி நேரம் விடணும். ஏன்னு கேட்டா..." என்று சொல்லத் தொடங்கினாள்.

அம்மா எழுந்து போகவில்லை.