பதினேழு விதிமீறல்களும் இரண்டு கோட் வெள்ளையும்

நகராட்சிக்காரர்கள் வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீசில் மொத்தம் பதினேழு விதிமீறல்கள் இருந்தன. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று பக்கங்களையும் நின்றபடியே படித்து முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, இரண்டாம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைப் போட்டார். வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் முப்பத்தைந்து வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். வாரம் முழுக்க அடுத்தவர் பிழைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டிய பிறகும் விடாமல் தன் கையாலேயே இந்த வீட்டைக் கட்டினார். மாடிப்படியில் பதினான்கு படிகள். எந்தப் படிக்கும் இன்னொரு படியின் உயரம் தெரியாது. குளியலறை ஜன்னலைத் திறந்தால் சமையலறை தெரியும். யாராவது குளிக்கும்போது தாளிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பின்பக்கத்து அறை, பக்கத்து மனைக்கு விடவேண்டிய இடைவெளியில் இரண்டடி போய் நின்றுகொண்டிருந்தது. நோட்டீசில் அதுதான் ஒன்பதாம் எண்.

அந்த ஒன்பதாம் எண்ணில் அவருடைய மாப்பிள்ளை நான்கு வருடம் குடியிருந்தார். கல்யாணமான ஆறாவது மாதம் வேலை போய், வாடகை கொடுக்க வழியில்லாமல் மனைவியோடும் இரண்டு பெட்டிகளோடும் வந்து நின்றபோது, மாமனார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கல் வந்து இறங்கியது. மாப்பிள்ளைக்கு மகள் பிறந்ததும் அந்த அறையில் இருந்தபோதுதான். பிறகு மருந்துக்கடையில் வேலை கிடைத்து, நான்கு தெரு தள்ளி வாடகைக்குப் போய்விட்டாலும், நோட்டீசில் ஒன்பதாம் எண்ணைப் படித்தபோது தன்னையே கதவில் ஒட்டியிருப்பது போல மாப்பிள்ளைக்கு இருந்தது.

வீட்டை விற்றே ஆகவேண்டிய நிலை. மாமனாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம். கழிப்பறை மாடியில். ஒரு நாளைக்கு ஆறு தடவை மாமியார் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏற்றி இறக்கினார். போன வாரம் ஏழாவது படியில் இருவருமே சறுக்கினார்கள். உடைந்தது வாளி மட்டும்தான் என்பது அதிர்ஷ்டம். மாப்பிள்ளை குடியிருந்த தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட் விலைக்கு வந்தது. சனிக்கிழமை வரை நிறுத்தி வைப்பதாக அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் நோட்டீஸ் ஒட்டிய வீட்டை நம்பி எந்த வங்கியும் யாருக்கும் கடன் தராது. மிஞ்சியது, முழுத் தொகையையும் கையோடு கொடுத்து, இருக்கிற நிலையிலேயே வீடு வாங்குகிற ஓர் ஆள். குடும்பத்தில் அவருக்கு ‘ரொக்கம்’ என்று பெயர் வைத்தார்கள்.

ரொக்கம் ஃபிளாட்டுக்குக் கட்டுப்படியாகும் ஒரு விலையைப் போனில் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார். வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வீட்டுக்கு உபயோகமாக இருக்கவேண்டும் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். மாமனாரையும் மாமியாரையும் இரண்டு நாள் தன் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு பெரிய டப்பா வெள்ளை பெயிண்டும் ரோலருமாக வந்து இறங்கினார். சுவிட்ச் போர்டுகளுக்குக் கீழே, கதவு மூலைகளில், படிக்கட்டுச் சுவரில் என்று அங்கங்கே எறும்பு ஊர்ந்த மாதிரி பென்சில் கிறுக்கல்கள் இருந்தன. எல்லாம் தன் மகள் சின்ன வயதில் செய்த வேலை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். முதல் கோட்டில் லேசாகத் தெரிந்தது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. இரண்டாவது கோட்டும் அடித்தார்.

திங்கட்கிழமை எல்லாரும் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். ரொக்கம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார். கையில் சின்னச் சுத்தியல், கக்கத்தில் ஒரு நோட்டு.

“புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க போல.”

“ஆமா சார், ரெண்டு கோட்டு,” என்றார் மாப்பிள்ளை.

“எதை மறைக்க?”

மாப்பிள்ளை கைவிரலில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

ரொக்கம் கூடத்துச் சுவரைச் சுத்தியலால் தட்டி, டாக்டர் போலக் காதை வைத்துக் கேட்டார். “தப்பா நினைக்காதீங்க. நோட்டீஸ்ல இருக்கிற பதினேழு எனக்குப் பிரச்சினையே இல்ல. அது தெரிஞ்ச வியாதி. விக்கிறதுக்கு மொத நாள் பெயிண்ட் அடிச்ச வீடுன்னா உள்ள இன்னும் முப்பது இருக்குன்னு அர்த்தம். அதைப் பாக்க நான் சுவரை உடைக்கணும். அந்தச் செலவைக் கழிச்சுத்தான் விலை சொல்ல முடியும்.”

கழித்துச் சொன்னார். அந்த விலைக்கு ஃபிளாட்டில் ஒரு கூடம் வரும், ஒரு படுக்கையறை வரும். சமையலறையும் கழிப்பறையும் அதே சொந்தக்காரரிடமே இருக்கும்.

சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமனார் நிதானமாகச் சொன்னார்: “உடைக்கவே வேணாம் தம்பி. உள்ள என்ன இருக்குன்னு எல்லாச் சுவத்துலயும் எழுதி வச்சிருக்கேன்.”

“எழுதி வச்சிருக்கீங்களா?”

“எங்க தப்பு இருக்கோ அங்க பக்கத்துலயே குறிச்சிடுவேன். குறிக்கிறதுதான் என் தொழில். திருத்துறது அடுத்தவங்க வேலை.” ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படிக்கட்டுச் சுவரிடம் போனார். குனிந்து பார்த்தார். சுவர் பளபளவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தார். “இங்கதான் இருந்துச்சு.”

மாப்பிள்ளை ஓடிவந்து பக்கத்தில் நின்றார். “மாமா, அது... பாப்பா கிறுக்கினதுன்னு நினைச்சேன்.”

“எங்க அப்பா கையெழுத்து அவ்வளவு அழகு,” என்றாள் ஓரமாக நின்ற மாப்பிள்ளையின் மனைவி. பரிந்து பேசுகிறாளா, வாருகிறாளா என்று தெரியவில்லை.

மாமனார் கோபப்படவில்லை. முப்பத்தொரு வருட எழுத்து போன இடத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் மாப்பிள்ளைக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “எழுதினது போனா போகுது. டார்ச் புடிச்சது யாரு?”

கையைத் துடைத்துக்கொண்டே வந்து படிக்கட்டின் அடியில் நின்றார். “இந்தச் சுவத்துக்குள்ள தண்ணிக் குழாய் போகுது. ரெண்டு எடத்துல இணைப்பு. ரெண்டாவது இணைப்பு சரியா உக்காரல. ‘இப்போதைக்கு இருக்கட்டும்’னாரு. இருபத்தாறு வருஷமா இப்போதைக்கு இருக்கு.”

ரொக்கம் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்தார். இரண்டு கோட் வெள்ளைக்கு அடியிலிருந்து பென்சில் எழுத்து மங்கலாக மேலே வந்தது. குழாய், இரண்டு இணைப்பு, இரண்டாவது சரியில்லை. தேதியும் இருந்தது. அவர் நோட்டைத் திறந்தார்.

“அடுத்தது சொல்லுங்கம்மா.”

மாமியார் சொல்ல ஆரம்பித்தார். கணவனைப் பற்றி இத்தனை வருடம் சேர்த்து வைத்த குறைகளை உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஒருவர் வந்திருக்கிறார் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. கூடத்து பீமில் நான்கு கம்பிக்குப் பதில் மூன்று. மாடி அறை சுவிட்ச் போர்டில் எர்த் ஒயர் பேருக்குத்தான். சுவருக்குள் போய் எங்கும் சேரவில்லை. சமையலறை மேடைக்கு அடியில் சிமெண்ட் குறைந்தபோது மணலைக் கூட்டியது. அங்கேயே மூன்று செங்கல் கோணல்.

“அன்னைக்கு டார்ச் பேட்டரி தீந்துபோச்சு,” என்றார் மாமனார்.

“தீரல. எனக்குக் கை வலிச்சுது, அணைச்சுட்டேன். அந்த மூணு செங்கல் கோணலா இருக்கறது என் தப்பு. அதையும் எழுதிக்குங்க தம்பி.”

மாமனார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த மூன்று செங்கல்லுக்கும் அவர் இத்தனை வருடம் தன்னையே நொந்துகொண்டிருந்திருக்கிறார்.

கடைசியாகப் பின்பக்கத்து அறை. மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். “இங்க ஒண்ணுமில்ல.”

“டார்ச் புடிக்கலையாம்மா?”

“புடிச்சேன். ஞாபகமில்ல.”

மாமனார் விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரொக்கம் நோட்டை மூடினார். “இவ்வளவு தெளிவா சொல்லிட்டு ஒரு ரூமை மட்டும் விட்டா எப்படி? இதை உடைச்சுத்தான் பாக்கணும். விலை இப்ப கழிச்சுச் சொன்ன விலைதான்.”

மாப்பிள்ளை அவர் கையிலிருந்து உப்புத்தாளை வாங்கினார். நான்கு வருடம் கட்டில் கிடந்த இடம். ஜன்னலுக்குக் கீழே, தரையோரமாக மண்டியிட்டுத் தேய்த்தார். இவ்வளவு ஒழுங்காக பெயிண்ட் அடித்தவன் யார் என்று தன்னையே சபித்துக்கொண்டு தேய்த்தார். எழுத்து வந்தது.

‘இந்தப் பக்கம் ஜன்னல் வைக்க விதியில்லை. மேலே கான்கிரீட்டும் போடவில்லை, மரச்சட்டம்தான் தாங்குகிறது. ஆனால் மாப்பிள்ளை வேலையில்லாமல் நாள் பூராவும் இந்த அறையில்தான் உட்கார்ந்திருப்பார். இருட்டில் உட்காரக் கூடாது. வேலை கிடைத்ததும் அடைத்துவிட வேண்டும்.’

அதற்குக் கீழே இன்னொரு தேதி. ‘வேலை கிடைத்துவிட்டது. அடைக்க மனம் வரவில்லை.’

ஜன்னல் வழியாக வெயில், விதியை மீறி, தரையில் விழுந்திருந்தது. ரொக்கம் குனிந்து இரண்டு பத்திகளையும் படித்தார். நோட்டைத் திறந்து, ‘பின்னறை ஜன்னல்: மரச்சட்டம்’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

“இதுவரைக்கும் எழுபது வீடு வாங்கியிருக்கேன்,” என்றார். “எல்லாரும் ஒண்ணுமே இல்ல சார்னுதான் சொல்லுவாங்க. இனிமே நான் எதையும் உடைக்கவேண்டியதில்ல. போன்ல சொன்ன மொத விலையே குடுத்துடறேன்.” பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “பெயிண்டுக்கு மட்டும் ஒண்ணும் தர மாட்டேன்.”

மாப்பிள்ளை தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. “மாமா,” என்றார்.

“ரெண்டாவது கோட்டு நல்லா அடிச்சிருக்கீங்க மாப்ள,” என்றார் மாமனார். “நான் ஒருநாளும் எதுக்கும் ரெண்டாவது கோட்டு அடிச்சதில்ல.”

வெள்ளிக்கிழமை ஃபிளாட் கைக்கு வந்தது. படி இல்லை, நோட்டீஸ் இல்லை, குளியலறை ஜன்னல் வெளியே பார்த்துத் திறந்தது. மாமனார் அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, குறிக்க எதுவும் கிடைக்காமல் சோர்ந்து உட்கார்ந்தார். அவர் பிடித்துக்கொண்டு எழுவதற்காகக் கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி மாட்டிவிடுகிறேன் என்று மாப்பிள்ளை துளைபோடும் மிஷினோடு உள்ளே போனார். மூன்றாவது துளையில் டைல்ஸ் மூலைக்கு மூலை விரிசல் விட்டது. கைப்பிடி என்னவோ உறுதியாகத்தான் நின்றது.

“மாமா, பென்சில் இருக்கா?”

பென்சில் வந்தது. கூடவே, யாரும் கேட்காமலேயே, மாமியார் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.