பதினோராம் பக்கத்து ஊசி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. மொத்தம் பதினான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துக் கோடுகள் இருக்கின்றன. ஒன்றில் என் கணவர் கையெழுத்திட்டுவிட்டார். இன்னொன்று காலியாக இருக்கிறது. அதை நிரப்ப உட்கார்ந்தவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நாகம்மை என்று பெயர் வைத்திருக்கிறேன், கணவருக்கு ராமச்சந்திரன் என்று. ‘நான்’ என்று தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே எங்கள் மகள் விசாலி வந்துவிடுகிறாள். அதற்குமேல் வேலை ஓடுவதில்லை. ‘அவள்’ என்றால் நாலைந்து பக்கம் தாங்கும். விசாலிக்கு மட்டும் பெயரை மாற்றவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘உறைபனி உருளைக்குள் இரண்டு உயிர்கள் உறங்கிக்கொண்டிருந்தன’ —

வேண்டாம். உயிர் என்றால் ஒரு கட்சியில் சேர்ந்ததாகிவிடும், செல் என்றால் எதிர்க்கட்சியில். எங்களுக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர் லோஷினி ‘கரு’ என்றுதான் சொல்வார். அதுவே இருக்கட்டும்.

இரண்டாம் தொடக்கம்: ‘நாகம்மைக்குக் கல்யாணம் பேசியபோது எல்லாம் பார்த்தார்கள்.’ இது நிற்கும்.

எல்லாம் பார்த்தார்கள். நகரத்தார் வீட்டில் முதலில் கேட்பது எந்தக் கோயில் என்பதைத்தான். ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள். பெண் கொடுத்து எடுக்கக் கூடாது. நாகம்மை மாத்தூர்க் கோயில், ராமச்சந்திரன் வயிரவன்கோயில். அவன் அவளுடைய சொந்த அயித்தை மகன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு மலேசியாவில், குளுவாங் ஊரில் ஒரு டாக்டர் அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையும் ரத்தம் சோதித்துக்கொள்ளட்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார். அவளுடைய அப்பச்சி, அதாவது அப்பா, அதைப் படித்து நான்காக மடித்தார்.

“அவன் வேற கோயில் ஆத்தா. ரத்தம் வேற. இதெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கட்டிக்கிறவங்களுக்கு.”

(தன் உடன்பிறந்த தங்கையின் மகனைப் பற்றித்தான் இதைச் சொன்னார். அங்கே இருந்த யாருக்கும் அதில் ஒரு பிழை தெரியவில்லை. நாகம்மைக்கும் தெரியவில்லை. அவள் இன்றைக்கும் கூலாயில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறாள்.)

3

விசாலிக்கு வந்தது தலசீமியா மேஜர். அம்மாவும் அப்பாவும் ஆளுக்குப் பாதி கொடுத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏறும் ரத்தத்திலுள்ள இரும்பு உடம்பில் தங்கிவிடும். அதை வெளியேற்ற வாரத்தில் ஐந்து நாள் வயிற்றில் ஊசி குத்தி மருந்துப் பம்ப் மாட்ட வேண்டும்.

வார்டில் பன்னிரண்டு வயது விசாலி:

“அம்மா, கல்யாணம் ஆனா பொண்ணுங்களுக்குக் கோயில் மாறிடும்ல?”

“ஆமா.”

“எனக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவ மாறுது. போன தடவ சீனவங்களோடதா இருக்கும். ரெண்டு நாளா மீ ஹூன் திங்கத்தான் ஆச.”

“சும்மா இரு. நர்ஸ் மிஸ்ஸி சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும்லா. அவங்களும் ரத்தம் குடுத்திருக்காங்க. சொந்தக்காரங்கதான்.”

4

அடுத்த வருடம், நோயில்லாத இன்னொரு பிள்ளைக்காக நாகம்மையும் ராமச்சந்திரனும் சோதனைக்குழாய் முறைக்குப் போனார்கள். நான்கு கரு கிடைத்தன. நோயில்லாதவை இரண்டு. இரண்டையும் வைத்தார்கள், இரண்டும் தங்கவில்லை. நோயுள்ள இரண்டை உறையவைத்தார்கள்.

“என்ன மாதிரி இருக்கிற ரெண்டையும் என்ன செய்வாங்க?” என்று விசாலி கேட்டாள்.

[இங்கே நாகம்மையின் பதில் வர வேண்டும். மூன்று பதில் எழுதினேன். மூன்றும் அவளை நல்லவளாகக் காட்டின. அடித்துவிட்டேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தாள்.]

“அலமாக், மூஞ்சியப் பாரு! ஊசிய மட்டும் எடுத்துட்டு என்ன வெச்சுக்குங்கம்மா. அவ்ளோதான்.”

பதினான்கு வயதில், பள்ளி விடுமுறையின் இரண்டாம் நாள், இதயம் —

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.

5

ராமச்சந்திரனைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு கதாபாத்திரமாகச் சொல்கிறேன். முதல் வரைவில் அவன் கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்பும் ஏமாளியாக இருந்தான். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் பதினோரு வருடம் பாசிர் கூடாங் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து விசாலிக்கு ஊசி குத்தியவன் அவன்தான். அந்த நேரத்தில் நாகம்மை அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். அவனை ஏமாளியாக எழுத எனக்கு உரிமையில்லை.

ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு நிறுவனம். அந்தப் பதினான்கு பக்கப் படிவம் அவர்களுடையது. உறைந்திருக்கும் கருவை அனுப்பினால், மரபணுவில் அந்த ஒரு பிழையைச் சரிசெய்து, நாகம்மையின் வயிற்றில் வைப்பார்கள். அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. இதைவிட்டால் வேறு கரு இல்லை.

“அக்கா, இது இங்க நடக்காது. வெளிய போய்ச் செய்ங்கன்னும் சொல்ல மாட்டேன்,” என்றார் லோஷினி. “மரபணுவ ஒரு எடத்துல வெட்டப் போயி இன்னொரு எடத்துலயும் வெட்டிடலாம். அது அந்தப் பிள்ளையோட நிக்காது. அதோட பிள்ளைங்களுக்கும் போகும்.”

“வெட்டிருச்சான்னு எப்பத் தெரியும்?”

“பிள்ள வளந்துதான்க்கா காட்டணும்.”

வீட்டில்:

“அவதானே கேட்டா? ஊசிய மட்டும் எடுக்கச் சொன்னாளே,” என்றான் ராமச்சந்திரன்.

“அவ தனக்குக் கேட்டா. இது அவ இல்லைங்க.”

“அவளே திரும்பி வேணும்னு நான் சொல்லலையே. நோவில்லாத ஒண்ணு வேணும்.”

“பதினோராம் பக்கம் படிச்சீங்களா? பதினெட்டு வயசு வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ அவங்க ஆளு வந்து ரத்தம் எடுப்பாங்களாம். என்ன ஆச்சுன்னு பாக்க.”

“வருசத்துக்கு நாலு ஊசி. விசாலிக்கு வாரத்துக்கு அஞ்சு. குத்துனவன் நான்.”

இதற்கு நாகம்மை என்ன சொல்வாள்? அவளுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுக்க இரண்டு நாள் முயன்றேன். என்னால் ஆகவில்லை.

6

முடிவு ஒன்று. அவள் கையெழுத்திடவில்லை. உருளையிலிருந்து இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள். ராமச்சந்திரன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த இருபது வருடமும் கேட்கவில்லை. நாகம்மை சாப்பாடு போடுகிறாள், அவன் சாப்பிடுகிறான்.

முடிவு இரண்டு. கையெழுத்திடுகிறாள். பெண் பிறக்கிறது. ஒன்பது வயதில் கூலாய்ப் பள்ளித் திடலில் எல்லாரையும் முந்தி ஓடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. ஒரு தடவை அவள் கையை நீட்டிவிட்டுக் கேட்கிறாள்:

“எனக்குத்தான் ஒண்ணும் இல்லயே. அப்புறம் எதுக்கும்மா ஊசி?”

(‘உனக்கு நல்லதுக்குத்தான்’ என்று எழுதிப் பார்த்தேன். அது பொய். அவளுடைய நல்லதுக்கு என்றால் எடுப்பது அந்த நிறுவனமாக இருக்காது. ‘உன் அக்காவுக்காக’ என்றும் எழுதினேன். அதை ஒரு குழந்தையிடம் சொல்ல முடியாது.)

அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

படிவத்தை வாங்க வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ஆள் வருகிறது. அதற்குள் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். அதைக் கேட்ட பிறகும் ஒன்பது வயதுக் குழந்தை கையை நீட்டியபடியே இருக்கக்கூடிய பதிலாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று வந்தால் நான் கையெழுத்திடுகிறேன். வராவிட்டால் அந்தக் கோடு காலியாகவே போகட்டும்.

அவள் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். இந்த முறை என் கையில் ஆரஞ்சு இல்லை.