காத்திருக்காத எதிரி

சண்டை இசை கேட்கத் தொடங்கிவிட்டால் என் அக்கா கடையில் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. தண்ணீர்கூடக் கேட்கக்கூடாது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனாலும் எங்கள் கடைத்தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். இரும்புக் கல்லுக்குப் பக்கத்தில், சாஸ் ஜாடிகளுக்கு மேலே இருக்கும் டிவியில் ஒரு பூதமோ பல்லியோ கையைத் தூக்கிக்கொண்டு ஆடி நிற்கும். அக்கா ஒரு உத்தரவு கொடுப்பாள். பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, கல்லில் வேகும் ஒக்கொனொமியாகி என்னும் கோஸ் அடையைத் திருப்பிப் போடுவாள், சாஸ் தடவுவாள், மீன் சீவலைத் தூவுவாள், காசு வாங்கிப் போடுவாள், கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அதுவரை அந்தப் பூதம் தூக்கிய கையை இறக்காமல் அப்படியே அசைந்துகொண்டு நிற்கும்.

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் எனக்காகக் காத்திருக்கிறது இந்த ஒருத்தன்தான்" என்பாள் அக்கா.

அக்காவின் பெயர் ஃபுமியே. எதிர்வரிசையில் சலவைக் கடை வைத்திருக்கும் தம்பி நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓசாகாவில் எவனும் சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதில்லை என்பதால், கல்லுக்கு இந்தப் பக்கம் மூன்றாவது முக்காலி என்னுடையது. அக்கா விளையாடுவது 'மேகத் துறைமுகம்'. மகள் சனாயே பள்ளிக்கூடம் போகாத வயதில் அதன் முதல் பாகம் வந்தது. மகளுக்கென்று வாங்கியதைத் தானே வைத்துக்கொண்டாள். பதினோரு பாகங்களையும் இந்தக் கல்லடியில் நின்றபடியே முடித்திருக்கிறாள். கடைசி முக்காலியில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் சனாயே.

அந்தச் சனாயேதான் இன்று பன்னிரண்டாம் பாகத்தின் இயக்குநர். இதை மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை. டோக்கியோவில் அந்த நிறுவனத்தில் சேர்ந்து, முதலில் யாரும் கவனிக்காத குட்டிப் பல்லிகளுக்கு நடை அமைத்து, படிப்படியாக ஏறி, ஒருநாள் பத்திரிகையில் படத்தோடு அவள் பேர் வந்தது. ரயில் நிலையக் கடையில் இருந்த அத்தனை பிரதிகளையும் வாங்கி, துவைத்த சட்டைகளோடு சேர்த்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தேன். தெத்சுவோ பீற்றிக்கொள்கிறான் என்றார்கள். ஆமாம், பீற்றிக்கொண்டேன். பீற்றிக்கொள்ள இப்படி ஒரு மருமகள் கிடைத்தால் அவர்களும் பீற்றிக்கொள்ளட்டுமே.

பிறகுதான் அந்தச் சோதனைப் பதிப்பு வந்தது. பன்னிரண்டாம் பாகம் வெளிவருமுன் ஊர் ருசி பார்க்கட்டுமென்று இலவசமாகவே ஒரு துண்டை விட்டிருந்தார்கள். அக்கா காலையிலேயே குளித்து, புது ஏப்ரன் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் எதிரி ஒரு கல் ஆமை. வழக்கம்போல் ஒரு உத்தரவு கொடுத்தாள், கன்ட்ரோலரை வைத்தாள், ஒரு ஒக்கொனொமியாகியைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஆட்டத்தில் அவள் நடத்தும் நான்கு தோழர்களும் தரையில் கிடந்தார்கள். பெட்டி ரிப்பேரோ என்று தட்டிப் பார்த்தாள். மறுபடி ஆடினாள், மறுபடியும் அதே கதிதான். இந்தப் பாகத்தில் எதிரி காத்திருப்பதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அக்கா இடுப்பில் கைவைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"பார்த்தீங்கள்ல? பெத்த தாயின்னு பார்க்காம ஒரே அடியில சாய்ச்சிட்டா. எவ்வளவு திறமை வேணும் இதுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்று மாலை கடையைச் சாத்தும்போது கன்ட்ரோலரைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்ததை நான் மட்டும் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சுற்றி வைத்ததே இல்லை.

ஊர் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. டாக்ஸி ஓட்டும் நோஸோயே எங்களோடு சேர்ந்து பதினோரு பாகமும் பார்த்தவர். இணையத்தில் வரும் வசவுகளை ஒன்றுவிடாமல் செல்போனில் படித்துக் காட்டுவது அவருக்கு ஒரு சேவை. 'இது மேகத் துறைமுகம் இல்லை', 'எங்கள் பால்யத்தைக் கொன்றுவிட்டார்கள்', 'இயக்குநரை மாற்று.' கடைசியானதைப் படித்தபோது அக்கா அவர் பீர் கிளாசை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டாள். அது பாதி நிறைந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் சனாயே வந்து நின்றாள். புல்லட் ரயிலில் வந்திருக்கிறாள், கையில் ஒரு பைகூட இல்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு கரிக்கோடு. பழைய கடைசி முக்காலியிலேயே போய் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா. கேட்டுக்கொண்டே கல்லில் மாவை ஊற்றிவிட்டாள்.

பாதி சாப்பிட்டபின்தான் விஷயம் வந்தது. செவ்வாய்க்கிழமை கூட்டம். இப்படியே போவதா, பழையபடி எதிரியை நிற்கவைப்பதா என்று அவள் முடிவு சொல்ல வேண்டும். மாற்றினால் ஒரு வருஷம் தள்ளிப்போகும், ஆனால் நிறுவனம் அதற்கும் தயாராம். அவளுக்கு மேலே இருக்கும் கிஷினாமி என்பவர், அவமானமில்லாமல் பின்வாங்க வழி செய்து தருவதாகவும் சொல்லிவிட்டாராம்.

"ரெண்டையும் வெச்சிடேம்மா" என்றார் நோஸோயே. "வேணுங்கிறவன் நிறுத்திக்கிறான், வேணாங்கிறவன் ஓடட்டும்."

"எல்லாரும் அதான் கேக்கிறாங்க, டாக்ஸி மாமா. நிக்கிற எதிரிய செய்யறது வேற, ஓடற எதிரிய செய்யறது வேற. ரெண்டையும் ஒரே அடுப்புல வெச்சா ரெண்டும் அரைவேக்காடுதான்."

"உனக்கு எது சரின்னு படுது?" என்று நான் கேட்டேன்.

"ஓடறதுதான் மாமா" என்றாள், யோசிக்காமலே. "பன்னெண்டாவது தடவையும் அதே பூதம் அதே மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு நின்னா, அது காத்திருக்கிறதில்ல, செத்துப்போச்சுன்னு அர்த்தம். எனக்கு அது நிச்சயமாத் தெரியும்." பிறகு கரண்டியால் தட்டைச் சுரண்டினாள். "ஆனா மாத்திடறேன்னுதான் சொல்லப் போறேன்."

"ஏன்?"

அவள் அலமாரியில் துண்டில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தாள்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கல்லைச் சுரண்டும் சத்தம்தான் உயரும். "எனக்காகவா?" என்றாள். "என் கைக்கு வேகமில்லைன்னு இரக்கப்பட்டு அத்தனை பேர் வேலையைக் குப்பையில போடப்போறியா? ஆளப் பாரு. நான் உன்கிட்ட கேட்டேனா?"

"நீ சொல்லலம்மா. ஆனா சுத்தி வெச்சிருக்கியே."

அந்த நேரம் பார்த்து, ஆற்றங்கரையில் பேஸ்பால் ஆடிவிட்டு ஆறு ஆண்கள் மண்ணும் வியர்வையுமாக உள்ளே வந்தார்கள். எல்லோருக்கும் பன்றி இறைச்சி வைத்தது, ஒருவனுக்கு மட்டும் கணவாய். பேச்சு அங்கேயே அறுந்தது. அக்கா ஆறு வட்டங்களை வரிசையாகக் கல்லில் இறக்கினாள். கூட்டத்தில் ஒருவன், வெளியூர்க்காரன்போல, தன் பங்கைக் கரண்டியால் அழுத்தப் போனான். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஏய்!" என்றோம். உள்ளே இருக்கும் காற்றைப் பிதுக்கித் தள்ளிவிட்டுப் பிறகு என்னத்தைத் தின்பது.

எனக்கு அந்த அம்மா மகள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து போய்த் துண்டைப் பிரித்து, டிவியைப் போட்டு, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். நிலைமையைக் கொஞ்சம் இலேசாக்கலாம் என்ற எண்ணம். அதோடு, அக்காவால் முடியாத ஆமையை நான் சாய்த்துக் காட்டினால் நன்றாகத்தானே இருக்கும்.

"மாமா, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள் சனாயே. கூட்டினேன்.

சண்டை தொடங்கியது. நான் கண்டபடி அமுக்கினேன். டிவியிலிருந்து புஸ்ஸென்று ஏதோ பொரிகிற மாதிரி சத்தம், பிறகு அது மெலிந்து காய்ந்து வருகிற மாதிரி ஒரு மாற்றம். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோஸ் அரிந்துகொண்டிருந்த அக்கா, தலையைத் திருப்பாமலே இரண்டு கரண்டிகளையும் எடுத்து மூன்றாவது வட்டத்தைச் சடாரென்று திருப்பிப் போட்டாள்.

அது வேகவே இல்லை. பச்சை மாவும் கோசுமாகக் கல் முழுக்கச் சிதறியது.

அக்கா கடையில் இப்படி நடந்ததை நான் பார்த்ததில்லை. அவளுக்கு அம்மை வந்தபோதும், கடையைப் பூகம்பம் ஆட்டியபோதும் நடந்ததில்லை. நோஸோயே எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா... நீங்களா?"

அக்கா சிதறியதைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தாள். அங்கே என் தோழர்கள் நான்கு பேரும் மல்லாந்து கிடந்தார்கள்.

"தெத்சு, இன்னொரு தடவை போடுடா."

போட்டேன். மறுபடி புஸ்ஸென்ற சத்தம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் மெலிந்து காய்ந்த நொடியில் அவள் மணிக்கட்டு வெறுங்காற்றில் ஒருமுறை திரும்பியது.

"பன்றித் துண்டு அடியில. மாவுல வள்ளிக்கிழங்கு கொஞ்சம் கூட. கல்லோட இடது ஓரம், சூடு குறைச்சலான இடம்" என்றாள். கண்ணைத் திறந்தாள். "சனாயே, இது என் கல்லு."

சனாயேவின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. "ஆமாம்மா."

"எப்பத் திருடினே?"

"போன ஓபோனுக்கு வந்தப்போ."

எனக்கு நினைவு வந்தது. கோடையில் முன்னோர்களைக் கும்பிட வந்தவள், கல்லடியில் மைக் மாதிரி ஏதோ ஒரு கருவியை நீட்டிக்கொண்டு நின்றாள். என்னடி இது என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை வேலைக்கு என்றாள். டோக்கியோக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"நாலு தோழர்களுக்கும் நாலு சத்தம். அது காயற நொடியில அமுக்கினாத்தான் அடி விழும்" என்றாள் சனாயே. "நான் சின்னதுல இங்க உட்கார்ந்து டிவியைப் பார்க்கல. நீ அந்தப் பக்கம் திரும்பி பூதத்துக்கிட்ட மாட்டிக்கிட்டு நிப்பே. பின்னாடி கல்லுல ஆறு ஏழு வெந்துக்கிட்டிருக்கும். ஒண்ணுகூடக் கருகினதில்ல, நீ திரும்பிக்கூடப் பார்க்காம சத்தத்தை வெச்சே திருப்பிடுவே. நின்னுக்கிட்டிருக்கிற பூதத்தோட போடறது என்ன சண்டை, அம்மா போடறதுதான்டா சண்டைன்னு தோணும். அதைத்தான் செஞ்சேன். ஆனா எல்லாரும் கண்ணாலயே ஆடறாங்க, யாரும் காதைக் குடுக்கல. எனக்கு அதைச் சொல்லிக்குடுக்கத் தெரியல."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"வெக்கமா இருந்துது."

அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள், மூக்கையும் அதிலேயே துடைத்தாள். பிறகு பேஸ்பால்காரர்கள் பக்கம் திரும்பினாள். கடைத்தெருவின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும்.

"கேட்டீங்களாய்யா? ஹொக்காய்தோவிலேர்ந்து ஒக்கினாவா வரைக்கும் என் கல்லு பொரியுது! வீடு வீடாப் பொரியுது! செஞ்சது யாரு? இதோ, இந்தத் திருடி!"

என்ன ஏதென்று புரியாமலே அந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன், கன்ட்ரோலர் கீழே விழுந்தது.

அக்கா அதைக் குனிந்து எடுத்தாள். இரண்டு கரண்டிகளையும் மகள் கையில் திணித்தாள். "அஞ்சு பாக்கி இருக்கு. சிதறினதுக்குப் பதிலா ஒண்ணு ஊத்து. கருக்கினே, தொலைச்சிடுவேன்."

"அம்மா, நான் கரண்டி பிடிச்சுப் பத்து வருஷம் ஆச்சு."

"அவன் காத்திருக்க மாட்டான்னு நீதானே செஞ்சே. நகரு."

சனாயே கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். அப்போது அவள் செல்போன் அடித்தது. இரண்டு கையும் மாவு.

"மாமா, எடுத்துக் காதுல வைங்க."

வைத்தேன். கிஷினாமி என்கிற அந்த மனிதர்தான். ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் ஏதோ மென்மையாகப் பேசிக்கொண்டிருந்தார். சனாயே கேட்டுக்கொண்டே கணவாய் வைத்ததைத் திருப்பினாள். சரியாக விழுந்தது.

"இல்லைங்க, மாத்தலைங்க. செவ்வாய்க்கிழமையும் இதையேதான் சொல்லுவேன். எப்படிக் கேக்கணும்னு மட்டும் ஆரம்பத்துல சொல்லிக்குடுக்கணும், அதுக்கு வழி இருக்கு... இல்லைங்க, யோசிச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க, இப்பப் பேச முடியாது, எனக்குக் கல்லு காத்திருக்காது."

நான் போனை அணைத்தபோது என் கையும் மாவாகியிருந்தது.

டிவியில் சண்டை இசை தொடங்கிவிட்டது. நோஸோயே பீர் கேட்கத் திறந்த வாயை மூடிக்கொண்டார். ஆறு பேரும் யாரும் சொல்லாமலே வாயடைத்து உட்கார்ந்தார்கள். டிவியிலும் கல்லிலும் ஒரே சமயத்தில் பொரிந்தது. எது எதன் சத்தமென்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தாய் கன்ட்ரோலரோடு கண்ணை மூடி நின்றாள், அவளுக்கு முதுகைக் காட்டி நின்ற மகளும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தோழன் விழுந்தான். இன்னொருவன் விழுந்தான். அக்கா உதட்டைக் கடித்தாள், அசையவில்லை. கல் ஆமையின் தூக்கிய கை இறங்கத் தொடங்கிவிட்டது. சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அக்காவின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது, இன்னும் அழுத்தவில்லை.