அந்திரசைட் பற்றி அஜந்தன் கேட்ட கேள்விகள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தெருவைக் கடந்து அதுவே வந்தது. இலங்கையில், ஓப்பநாயக்கவில் என் ஆங்கில டியூஷன் வகுப்புக்கு எதிரே வெல்டிங் கடை வைத்திருக்கும் அஜந்தன், போன டிசம்பரில் ஒரு நாள் கைபேசியை நீட்டியபடி உள்ளே வந்தார்.

"சேர், இதுல எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க. நிரோஷா கேக்குறா."

திரையில் நான்கு கறுப்புக் குவியல்கள். நிரோஷா அவருடைய மனைவி. முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்காக வேல்ஸ் போனவர். அவருடைய வாடகை வீட்டில் ஓர் இரும்பு அடுப்பு இருக்கிறது. சமைக்க அல்ல, வீட்டைச் சூடாக்க. அதற்கு எந்த நிலக்கரி என்பதுதான் கேள்வி. அஜந்தனுக்கும் மகள் கிஷானிக்கும் விசா வந்துவிட்டது. கிஷானிக்கு வீசிங், மூச்சிரைப்பு. லயத்தில், தோட்டத் தொழிலாளரின் அந்த ஒட்டு வரிசை வீடுகளில், பக்கத்தில் ஈர விறகு எரித்தாலே இரவெல்லாம் உட்கார்ந்திருப்பாள். ஆகவே அது சின்னக் கேள்வி அல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெண்பனி போர்த்திய மலையடிவாரத்தில், தன்னந்தனியாக ஒரு பெண், கையில் தீப்பெட்டியுடன்...'

வேண்டாம். நான் வேல்ஸைப் பார்த்ததில்லை. நிரோஷா தனியாகவும் இல்லை. மாவனல்லையிலிருந்து வேலைக்குப் போன நூரியாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பனி கொட்டுகிறதா என்று கேட்டதற்கு நிரோஷா சொன்னது: "இல்ல சேர், மழதான். நம்ம ஊரு மாதிரியேதான். என்னா, எலும்புக்குள்ள பெய்யுது."

இரண்டாவது தொடக்கம்: 'நிலக்கரி வகைகளில் மிகக் கடினமானது அந்திரசைட்.' இது கட்டுரை. ஆனாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது பிடித்துப்போய்விட்டது. அது கறுப்புக் கண்ணாடி போல மினுங்குமாம். கையில் அவ்வளவாக ஒட்டாதாம். பற்றவைக்கப் பெரும்பாடு, பற்றிக்கொண்டால் மணிக்கணக்கில் எரியும், புகை தெரியாது. சாதாரண நிலக்கரி அப்படியல்ல. உடனே பிடிக்கும், புகையைக் கக்கும். அதை முதலிலேயே தள்ளிவிட்டோம்.

மிச்சம் மூன்று. பெரிய துண்டு, சிறிய துண்டு, பிறகு தூளை அழுத்தி முட்டை வடிவில் செய்த உருண்டை.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு போட நினைத்தேன்: இதைவிடப் பொடியான வகைகளும் உண்டு, அவை தானாகக் கரி விழும் இயந்திர அடுப்புக்கு உரியவை. உங்களுக்குத் தேவையில்லை. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

3

வேல்ஸ் வீட்டில் இரண்டு கட்சிகள். நூரியா உருண்டைக் கட்சி.

"வேல முடிஞ்சி வந்தா கை வெறச்சிப் போய் ஈக்கிது. ஒடனே பத்தோணும். ஒங்கட கல்லுக்கரி பத்துறதுக்குள்ள நான் தூங்கிருவேன்" என்பது அவர் வாதம்.

"ஒங்க உருண்ட சாம்பல்தான் கொட்டுது. எனக்கு அதுல ஒரு வாடையும் வருது. புள்ள வந்தா என்னா செய்றது?" என்பது நிரோஷாவின் பதில்.

ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை வாங்கி எரித்துப் பார்த்தார்கள். பெரிய துண்டு அந்தச் சின்ன அடுப்பில் பாதியில் அணைந்தது. சிறிய துண்டைக் காய்ந்த விறகின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கீழ்க்காற்றுத் துவாரத்தைத் திறந்துவைத்தபோது நின்று எரிந்தது. வேலைக்குப் போய் வந்தபோதும் உள்ளே சிவப்பு இருந்தது. நூரியா அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாராம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

4

முடியவில்லை. அஜந்தன் மறுபடி வந்தார். காற்று ஏன் கீழேயிருந்து வர வேண்டும்? தேடிச் சொன்னேன். மறுநாள், புகைபோக்கியை யார் கூட்டுவார்கள்? அதையும் சொன்னேன். ஈரமான மூட்டையை உள்ளே வைக்கலாமா? கண்ணாடிக் கதவு வெடித்தால்?

ஒரு நாள் அவரே பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி ஓர் அடுப்புச் செய்துவிட்டார். அந்திரசைட்டுக்கு எங்கே போவது? தேங்காய்ச் சிரட்டைக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, அடித்துவாரத்தைத் திறந்து மூடிக் காட்டினார். தணல் வெளுப்பதையும் மங்குவதையும் இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவர் கேட்கக் கேட்க என் கதை நீண்டது.

5

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே இரும்பும் நெருப்பும் பிடித்துக் கேட்கிறாரா? அல்லது கேள்வி தீராதவரை டிக்கட் போட வேண்டியதில்லை என்று...

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. முடித்தவர் நிரோஷா.

6

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கடையில் நானும் இருந்தேன். வீடியோவில் நிரோஷா.

"பொக தெரியாதுன்னா விஷவாயு வந்தாலும் தெரியாதில்ல?" என்று அஜந்தன் கேட்டார்.

நியாயமான கேள்வி. நிரோஷா எழுந்து, சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். அது கீச்சிட்டது.

"கேட்டிச்சா? வாயு வந்தா இப்படித்தான் கத்தும். பொகபோக்கியக் கூட்டிட்டாங்க. கரி காய்ஞ்ச எடத்துல இருக்கு. இன்னும் என்னா?"

"இல்ல, அந்தக் கதவு ரப்பர்..."

"கரிய விடுங்க. வாறீங்களா, இல்லியா?"

அஜந்தன் கிரைண்டரின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

"கிஷானிய அனுப்புறேன். நா பெறகு வாறேனே."

"யாரோட அனுப்புவீங்க? பார்சல்லயா?"

"நிரோ, இங்க என்னய 'பாஸ்'னு, தொழில் தெரிஞ்சவன்னு கூப்புடுறாங்க. சிங்கள ஆளுங்களும் தேடி வந்து கேட் செய்யச் சொல்றாங்க. எங்க லயத்துலேருந்து ரோட்டுல கட போட்டவன் நா ஒருத்தன்தான். அங்க வந்தா நா யாரு?"

நிரோஷா கைபேசியை முகத்தருகே கொண்டுவந்தார்.

"இங்க வந்தப்ப நா யாருங்க?" என்றார். "அத நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா? இத்தன கேள்வி கேட்டீங்க. அத்தனையும் அடுப்பப் பத்தி."

இணைப்பு அறுந்ததா, அவரே வைத்தாரா, தெரியாது. அஜந்தன் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வகுப்பு இருக்கிறது என்று பொய் சொல்லி எழுந்து வந்தேன்.

7

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவர் போகிறார். ஒன்றில் நிரோஷா திரும்பி வருகிறார். மூன்றாவதில்... அது அழகாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.

இன்று காலை அஜந்தன் வந்தார். கேள்வி எதுவும் இல்லை.

"சேர், எங்கள வச்சி கத எழுதுறீங்களாமே. நூரியா அக்கா சொன்னாங்க."

"ஆமா. முடிவுதான் தெரியல."

"எனக்குத் தெரியும்" என்று பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். ஏன் அந்த முடிவு என்பதையும் சொன்னார். நான் நினைத்த மூன்றில் அது இல்லை. நான் பேனாவை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிராதீங்க. அவ வேல முடிஞ்சி வரட்டும். மொதல்ல அவகிட்ட சொல்லணும்."

ஆகவே வாசகரே, எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நிரோஷா இன்னும் வீடு திரும்பவில்லை.